வெளுத்த பச்சை

கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டுப் பேராசிரியர் ஓடிவந்தார். ஆய்வு மாணவி சின்ன ஆய்வகத்தின் ஜன்னலை உடைத்து வராந்தாவில் குதித்தாள். கையிலிருந்த இரும்பு ஸ்டூலால் சீனியர் மாணவனின் வாயில் ஓங்கி அடித்தாள். பல் தெறித்தது.

பேராசிரியர் ஸ்டூலைப் பிடுங்கினார். "பைத்தியம் பிடிச்சிருச்சாம்மா உனக்கு?"

"விடுங்க சார், இவன் மண்டையைப் பொளக்கணும்!"

"மீட்டிங்ல உண்மையைச் சொன்னேன்ல சார், அந்த ஆத்திரம்" என்று சீனியர் ரத்தத்தைத் துப்பினான்.

பேராசிரியருக்கும் அப்படித்தான் பட்டது. இயற்கையான நொதி ஒன்றைப் பார்த்து அவள் செய்த பச்சைநிறச் செம்பு வினையூக்கி, காற்றிலுள்ள ஆக்சிஜனை வைத்து ஆல்கஹாலை வேறொன்றாக மாற்றும். "ஆக்சிஜன் கொஞ்சம் குறைஞ்சாலே பச்சை வெளுத்துப் படுத்துக்குது. தூக்கிக் குப்பையில போடுங்க" என்று காலையில் அவன் அதைக் கிழிகிழியென்று கிழித்திருந்தான்.

"அதுக்காக அண்ணன் மாதிரி இருக்கறவனை அடிப்பியா? கதவு இருக்க, ஜன்னலை எதுக்கு உடைச்சே?"

"அண்ணனா? இவன் காட்டுன ரிசல்ட் எல்லாம் பொய்னு உங்ககிட்ட சொல்லப்போறேன்னு இவன்கிட்ட சொன்னேன் சார். அந்தக் கதவைப் பாருங்க."

கதவின் வெளியே பூட்டு தொங்கியது. சாவி சீனியரின் கையில் இருந்தது. வராந்தாவிலிருந்த நைட்ரஜன் சிலிண்டரின் குழாய், கதவுக்கடியில் நுழைந்து உள்ளே சீறிக்கொண்டிருந்தது.

"வாசனை இல்லாத கேஸ் சார், ரூம்ல இருக்கற ஆக்சிஜனை வெளியே தள்ளிடும். இவன் குப்பையில போடச் சொன்னது மட்டும் இல்லேன்னா, தெரியாமலே செத்திருப்பேன்."

அவள் உடைந்த ஜன்னல் வழியே கைகாட்டினாள். மேஜைமேல் குடுவையில் வெளுத்துக் கிடந்த அவளது வினையூக்கி, வெளிக்காற்று பட்டு மெல்லப் பச்சையேறிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் சிலிண்டரை மூடினார். பிறகு ஸ்டூலை அவளிடமே நீட்டினார்.

"இந்தாம்மா."