ஒன்பதாவது பாட்டு

தோளில் கை பட்டதும் நௌஷாத் ஹெட்போனைக் கழற்றினான்.

"அசருக்குப் பாங்கு சொல்லியாச்சு. தொழப் போவலியா?" என்றாள் மனைவி ஜஸீனா.

"ஹெட்போன்ல கேக்கல. இத ஒருக்கா கேளு."

தானே பாடி, வீட்டிலேயே பதிவு செய்த ஒன்பதாவது பாட்டை ஸ்பீக்கரில் விட்டான். கடைசியில் ஒலியைச் சீராக்கும் மாஸ்டரிங்கும் அவனேதான்.

ஜஸீனா முகத்தைச் சுளித்தாள். "கீச்சுன்னு காதுல குத்துது. ட்ரெபிளக் கொறைங்க."

"மங்கிக் கெடக்குன்னு இப்பத்தான் கூட்டினேன். உனக்கென்ன தெரியும்? முந்தின எட்டுப் பாட்டும் கேட்டுட்டு துபாய்ல இருந்து என் கூட்டாளி சஃப்வான் என்ன சொன்னான் தெரியுமா? உன் காது பொன்னு, மக்கான்னான்."

தொழுதுவிட்டு வந்து சஃப்வானுக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று நௌஷாத் கிளம்பினான். தென்னந்தோப்பைத் தாண்டினால் பள்ளிவாசல். பாதித் தோப்பில்தான் தொப்பியை மறந்தது நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் முன்னால் ஜஸீனா. ட்ரெபிளைப் பாதிக்கும் கீழே இறக்கிச் சேமித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யுத?"

"எப்பவும் செய்யுததுதான்."

"எட்டுப் பாட்டுக்குமா?"

"எட்டுக்கும்." அவள் திரும்பவில்லை. "பதினாலு வருசம் சவூதியில ஜெனரேட்டர் பக்கத்துல நின்ன காதுல்லா. அடுக்களையில நிக்கிற எனக்குப் பாங்கு கேக்குது, ஒங்களுக்குக் கேக்கல."

"ஹெட்போன் போட்டிருந்தேன்னு சொன்னேன்லா?"

ஜஸீனா எழுந்து தொப்பியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நேத்து அந்திக்கு மஃரிப் பாங்கு சொல்லும்போது முற்றத்துல வெறுங்காதோட சாயா குடிச்சிட்டு இருந்தீங்க. அப்பவும் நான் வந்துதான் தோளத் தட்டினேன்."