கத்திப் பெட்டியின் சாவி

புதிதாகக் குடிவந்தவளின் சமையலறைக்குள் கேட்காமலேயே நுழைந்த வீட்டுச் சொந்தக்காரி, கத்திகளையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை அவள் கையில் திணித்தாள்.

"போர்ல இருந்து வந்தவங்க குடிவர்றாங்கன்னு தரகர் சொன்னாரு. மூளை கலங்கினதுங்க எப்ப குத்தும்னே தெரியாது. உன் புருஷன்கிட்ட சாவியைக் குடுத்துடாதடி. ஏதாவது ரகளைன்னா அன்னிக்கே காலி பண்ணிடணும்."

குடிவந்தவள் இமைக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் தட்டு விழுந்து உருண்டது.

"பார்த்தியா, ஆரம்பிச்சிட்டான்!"

திரும்பினால், பக்கத்தில் நின்றவளைக் காணோம். காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கணவன் ஓடிவந்தான். "கை தவறிடுச்சு. மெதுவா பேசுங்கக்கா. நான் ஸ்கூல் வாத்தியார். போருக்குப் போனது அவதான்."

சமையலறை மேசைக்கு அடியிலிருந்து கை ஒன்று சாவியோடு நீண்டது.

"நீங்களே வச்சுக்கங்கக்கா. காலி மட்டும் பண்ணச் சொல்லாதீங்க."