உங்கள் விவரங்கள் எங்களிடம் இல்லை

“உங்க பேர்ல எதுவுமே இல்லையே, மேடம்,” என்றாள் குறைதீர்ப்பு அதிகாரி, மூன்றாவது முறையாக.

எதிரே உட்கார்ந்திருந்தவள் தன் கைப்பையிலிருந்து ஐந்து கடிதங்களை எடுத்து மேசைமேல் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தாள். மாதத்துக்கு ஒன்று. ஐந்திலும் ஒரே வாசகம்: ‘தங்கள் பெயர், கைபேசி எண், முகவரி ஆகியவை எங்கள் பதிவுகளிலிருந்து முழுமையாக நீக்கப்பட்டுவிட்டன.’ அதற்கு மேலே அவளுடைய பெயரும் முகவரியும் இருந்தன, கதவு எண் வரை பிசகாமல்.

“அழிச்சிட்டோம்னு சொல்ல அட்ரஸ் எங்கேர்ந்து வந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க.”

அதிகாரி மறுபடியும் கணினியைத் தட்டினாள்.

குடும்பத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும் செயலி ஒன்றை நடத்தும் கம்பெனி அது. அவள் கைபேசியில் அந்தச் செயலியைப் போட்டுவிட்டது அவள் கணவன். மருந்துக் கடை வாசலில் பத்து நிமிஷம் நின்றால் மாலையில் அதற்கு விசாரணை நடக்கும். இரண்டு வருஷம் அவள் அந்தப் புள்ளியாகவே இருந்தாள்.

பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினாள். இருவர் பக்கமும் அவன் வரக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. கைபேசி எண்ணை மாற்றினாள், வேலையை மாற்றினாள், ஊரையே மாற்றினாள். கணக்கை அழிக்கச் சொல்லி இந்தக் கம்பெனிக்கும் எழுதிப் போட்டாள். புது முகவரி அக்காவுக்கும் வக்கீலுக்கும் மகளின் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும்தான் தெரியும். குடிவந்த இரண்டாவது வாரமே முதல் கடிதம் வந்துவிட்டது.

அக்காவிடம் சொன்னதற்கு, எல்லாக் கம்பெனியும் அப்படித்தான், செய்தியில் பார்க்கிறோமே, அபராதம் போட்டால் ஒரு நாள் லாபத்தில் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான் என்றாள். வக்கீலோ சட்டம் நல்ல சட்டம்தான் என்றார். எத்தனை நாளில் பதில் வரும் என்று கேட்டதற்கு, அடுத்த மாதம் கூப்பிடுங்கள் என்றார்.

இன்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது. உள்ளே விட வேண்டுமானால் பெயர், எண், அடையாள அட்டை நகல், ஒரு புகைப்படம் வேண்டும் என்றார் காவலாளி. என்னைப் பற்றி இவ்வளவு ஏன் தெரிந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்றாள். தாராளமாகக் கேளுங்கள், முதலில் கேமராவைப் பாருங்கள் என்றார் அவர்.

அதற்குப் பிறகு நாற்பது நிமிஷம் காத்திருப்பு. வரிசை எண் கொடுக்கும் இயந்திரமும் கைபேசி எண்ணைக் கேட்டது.

“உங்க கணக்கு அஞ்சு மாசம் முன்னாடியே போயிடுச்சு, மேடம்,” என்றாள் அதிகாரி. “விண்ணப்ப நம்பர் மட்டும்தான் நிக்குது. அட்ரஸ்னு ஒரு கட்டமே இதுல கிடையாது. நீங்களே பாருங்க.”

திரையை அவள் பக்கம் திருப்பினாள். நிஜமாகவே ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

“எனக்குக் காட்டறதுக்கு ஒரு திரை, உங்களுக்கு வேற ஒண்ணா?”

“அவ்வளவு சாமர்த்தியம் எங்களுக்கு இருந்தா இந்தச் சம்பளத்துல ஏன் இருக்கோம்?”

இன்னொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். கடைசிக் கடிதத்தின் உறையை எடுத்து அதிகாரியின் முன்னால் போட்டாள். மூலையில் தபால்தலை கோணலாக ஒட்டியிருந்தது. லட்சக்கணக்கான பேரை வேவு பார்க்கத் தெரிந்த கம்பெனிக்கு ஒரு தபால்தலையை நேராக ஒட்டத் தெரியவில்லையே என்று அதன்மேலும் எரிச்சல் வந்தது.

“இது உங்களுக்குச் சின்ன விஷயமா இருக்கலாம்ங்க. என் அட்ரஸ் உங்ககிட்ட இருந்தா, நாளைக்கு அது அவன் கைக்குப் போகும். அதுக்கு அப்புறம் நான் எந்த ஊருக்கு ஓடறது?”

அதிகாரியின் முகம் மாறியது. கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள் என்று பாட்டிலை நகர்த்தி வைத்தாள். இதற்காக இவ்வளவு தூரம் அலைந்திருக்க வேண்டாமே, நேரில் வருபவர்கள் மாதத்துக்கு ஒருவர் இருந்தாலே அதிசயம் என்றாள்.

“நல்லா இருக்கு. வரச் சொன்னதே நீங்கதானே?”

ஐந்தாவது கடிதத்தைப் பிரித்து, கடைசிப் பத்தியில் விரல் வைத்துக் காட்டினாள். ‘இறுதிச் சரிபார்ப்புக்காக, வரும் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, அசல் அடையாள அட்டையுடன் தாங்கள் மட்டும் நேரில் வரவும்.’

“விடுமுறை நாள்னுகூடப் பாக்கல நீங்க. ஒன்பது வயசுப் பொண்ணைத் தனியா விட்டுட்டு வந்திருக்கேன். தெரியாதவங்க யாரு வந்தாலும் கதவைத் திறக்காதேன்னு பத்துத் தடவை சொல்லிட்டு வந்திருக்கேன்.”

அதிகாரி கடிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். உறையைப் பார்த்தாள். மற்ற நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே முக்கால்.

“மேடம்,” என்றாள் மெதுவாக, “நாங்க யாருக்குமே லெட்டர் அனுப்பறதில்ல.”