பக்கத்து வகுப்பின் சிரிப்பு

காலை பதினொரு மணி வெயில் வராந்தாவில் சாய்ந்து கிடக்கிறது. சமூகவியல் பேராசிரியர் தன் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பக்கத்து அறையின் கதவோரம் வந்து நிற்கிறார். உள்ளே பாடம் நடத்துவது அவருடைய மனைவி. அவர் வகுப்பில் மொத்தம் பதினோரு பேர். அவள் வகுப்பில் ஜன்னல் திண்டில்கூட இடமில்லை. "ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு. ஆனா காபி போடுறது மட்டும் எப்பவும் அவதான்," என்கிறாள் அவள். வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. "மார்க்ஸ் வந்தா, அந்த உழைப்போட பலன் யாருக்குன்னு கேப்பார். டர்க்ஹைம், எல்லா வீட்லயும் ஏன் இதே கதைன்னு கேப்பார். வெபர், போடுற அவ மனசுல அதுக்கு என்ன அர்த்தம்னு கேப்பார்." சாக்பீஸ் பலகையில் டக்டக்கென்று ஓடுகிறது. மூன்று சமூகவியல் அறிஞர்களைப் பற்றி அவர் ஒரு வாரம் இழுத்து நடத்தும் பாடத்தை ஒரு டம்ளர் காபியில் முடித்துவிட்டாள். அவருக்கு வயிறு எரிகிறது. இன்று காலையும் அந்தக் காபியைக் குடித்தவர் அவர்தான். உதாரணம் மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

"அப்ப அவங்க மனசுல என்னதான் அர்த்தம், மேடம்?" முன்வரிசைப் பெண் கேட்கிறாள். மனைவி விரல்களில் ஒட்டிய வெள்ளைத் தூளைத் தேய்த்துக்கொண்டே நிற்கிறாள். "முன்னெல்லாம் ஆசையா போட்டா. இப்ப... தெரியலம்மா."

சிரிப்பு அடங்கிவிடுகிறது. அறுபது பேனாக்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றன. கணவரிடம் ஒருநாளும் சொல்லாததை அவள் இவர்களிடம் சொல்லிவிட்டாள். கதவோரம் நிற்பவர் அந்த அறுபது முகங்களையும் ஒவ்வொன்றாக, பொறாமையோடு பார்க்கிறார்.