கூலருக்குள் ஈரம்

"ஈரத்துணிய வெச்சு உள்ள துடைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

பேராசிரியர் போட்ட சத்தத்தில், கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

அவர் காட்டிய இடம், படிப்பறை மூலையில் குட்டி ஃப்ரிட்ஜ் மாதிரி இருந்த ஒயின் கூலர். பெயர்தான் ஒயின் கூலர். உள்ளே ஒரு பாட்டில் கூடக் கிடையாது. பழைய மாணவர்கள் அன்பளிப்பாக அனுப்பிய சுருட்டுகள் காய்ந்துபோகாமல் இருக்க, மரத்தட்டு அடித்துப் போட்டு, ஈரத்தை அளக்க ஒரு குட்டி மீட்டரும் வைத்திருந்தார். அறுபத்தைந்தில் நிற்க வேண்டிய முள் எண்பத்திரண்டில் நின்றது. பின்பக்கத் தகட்டில் முத்து முத்தாகத் தண்ணீர். கீழ்த்தட்டுச் சுருட்டுகள் ஊறிப்போய், இரண்டில் பூஞ்சை வேறு.

"நான் உள்ள கையே வெக்கல சார்."

"அப்ப தண்ணி தானா வந்து உக்காந்துக்கிச்சா?"

தானாகத்தான் வந்தது என்று அவருக்குத் தெரியும். முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவர் அவர். கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், சில்லென்ற தகட்டில் பட்டால் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகிவிடும் என்று எத்தனை வகுப்பில் படம் போட்டிருக்கிறார்! கதவைத் திறந்தது யார் என்பதும் தெரியும். தெரிந்துதான் கத்தினார்.

நாலு மாதம் முன்பு நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைத்தார்கள். "இனிமே ஒரு சுருட்டு புடிச்சாலும் எங்கிட்ட வராதீங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனைவி கூலரையே தூக்கி வெளியே போடச் சொன்னாள்.

"வர்றவங்களுக்குக் குடுக்கலாம்டி. நான் தொடக்கூட மாட்டேன்."

மூன்று மாதம் எப்படியோ தாக்குப் பிடித்தார். தினம் பத்துத் தடவை கதவைத் திறப்பார், ஒன்றை எடுத்து மோந்து பார்ப்பார், பெருமூச்சு விட்டு வைத்துவிடுவார். கடைசி மூன்று வாரமாகத்தான் அதுவும் போதவில்லை. சாயங்காலம் மனைவி நடைக்குக் கிளம்பியதும் மொட்டைமாடிக்குப் போய்ப் பற்றவைப்பார். கீழே வந்து பல் தேய்த்து, ஒன்றும் தெரியாத பச்சைப்பிள்ளை மாதிரி பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

பதினோரு மணிக்கு மெக்கானிக் வந்தார். மனைவியும் வந்து நின்றாள். வேலைக்காரப் பெண் வாசற்படி ஓரமாக நின்றாள்.

"மெஷின்ல குத்தமில்ல சார். தண்ணி வடியற ஓட்டை அடைச்சிருந்துச்சு, எடுத்துட்டேன். சுருட்டுக்கு இவ்வளவு குளிர் வேணாம், பதினெட்டுல வைங்க. சுருட்ட பின்தகட்டோட ஒட்டி வெக்காதீங்க. ஆனா, இதெல்லாம் செஞ்சும் பிரயோஜனமில்ல."

"ஏன்?" என்றாள் மனைவி.

"கதவ சும்மா சும்மா தொறந்தா வேர்க்கத்தானேம்மா செய்யும்? இந்த அளவுக்குத் தண்ணி நிக்குதுன்னா, ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு தடவையாவது யாரோ தொறக்கறாங்க."

மனைவி மெல்ல அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க?"

அவர் குனிந்து, மீட்டர் முள்ளைத் தட்டிப் பார்த்தார்.

"நான்தாம்மா" என்று வாசற்படியிலிருந்து குரல் வந்தது. "சார் திட்டுவாரேன்னு காலைல இல்லேன்னுட்டேன். தூசி தட்டறேன்னு அடிக்கடி தொறப்பேன்."

"நல்லா தட்டுன போ! மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?" என்றாள் மனைவி.

மெக்கானிக் சிரித்தார். பேராசிரியர் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தார். "சரி, போகட்டும் விடு" என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னார். சொன்ன பிறகு தன் குரலைக் கேட்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

மெக்கானிக்கை வழியனுப்பும் சாக்கில், வாசலில் நின்று பத்து நிமிஷம் அந்தப் பேச்சு இந்தப் பேச்சு என்று ஓட்டினார். உள்ளே வர அவ்வளவு கூச்சம். வந்து பார்த்தால், மனைவி சமையலறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் பாடிக் கேட்டு நாலு மாதம் ஆயிற்று.

பின்கட்டில் அந்தப் பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, செய்யாத தப்ப ஏன் உன் தலையில போட்டுக்கிட்ட?"

"நீங்க எடுத்து மோந்துட்டு அப்படியே வெக்கறத தெனம் காலைல பாக்கறேனே சார். பத்தவெக்காம மனச அடக்கறது என்ன லேசா? தொறந்தது நீங்கன்னு தெரிஞ்சா, பிடிக்கறீங்கன்னே அம்மா முடிவு கட்டிருவாங்க. பாவம், ஆஸ்பத்திரியில அவங்க அழுத அழுகை எனக்குத்தானே தெரியும்."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காலையில் கத்தியது, மூவர் முன்னால் மென்று விழுங்கியது, எல்லாம் சேர்ந்து உடம்பு கூசியது. மொட்டைமாடி விஷயத்தை இவளிடமாவது சொல்லிவிட்டு, நேரே போய் மனைவியிடமும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

"இத பாரும்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம் சார், நான் பாத்துக்கிட்டேன். நீங்க வாசல்ல நின்னப்ப அம்மா என்னைத் தனியா கூப்பிட்டு, உண்மையச் சொல்லு, பிடிக்கறாரான்னு தொளச்சு எடுத்தாங்க. எத்தனை சொல்லியும் நம்பல."

துணியை முறுக்கிப் பிழிந்தபடியே சிரித்தாள்.

"சார் ஒண்ணக்கூடப் பத்தவெக்கலன்னு, எம் ஒரே பொண்ணு மேல சத்தியம் பண்ணிட்டேன் சார்."