பத்து விரல்

"கையை நீட்டுங்க. ரெண்டையும்."

வேலை கேட்டு வந்த நரைமீசைக்காரர் சற்றுத் தயங்கினார். பிறகு இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். வலது கையில் குறையில்லை. இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் இருந்தன. மற்ற மூன்றும் அடியோடு போயிருந்தன.

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த மரப்பட்டறையில் ஆள் எடுப்பதென்றால் இது ஒன்றுதான் பரீட்சை. எங்கே வேலை பார்த்தாய், யாரிடம் கற்றாய் என்பதெல்லாம் அப்புறம். முதலில் விரலை எண்ணுவார். ரேகை பார்க்காத ஜோசியர் என்று பட்டறையில் அவருக்கு ஒரு பெயரே உண்டு.

முன்பெல்லாம் அவர் இத்தனை கறாராக இருந்ததில்லை. போன மாதம் ரம்ப மிஷினில் அவருடைய தங்கை புருஷனின் கை போனது. நாலு பலகைதானே என்று பிளேடு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அறுத்திருக்கிறான். கொஞ்ச நேரம் மிச்சம் பிடிக்கப் போய் மணிக்கட்டோடு போயிற்று. இப்போது வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். தங்கைதான் பட்டறைக்கு வந்து ஆபீஸ் வேலையைக் கவனித்துக்கொள்கிறாள். இன்னொரு கை போனால் பட்டறையை இழுத்து மூடிவிடுவதாக அவளிடமே சொல்லியிருந்தார்.

"எப்படிப் போச்சு?" என்று கேட்டார்.

"ரம்பத்துலதாங்க. மூடி கழட்டியிருந்துச்சு."

"அவசரமா?"

"அவசரந்தாங்க. வேற என்ன."

பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தங்கை ஏதோ கேட்க வாயெடுத்தாள். அண்ணன் கையமர்த்திவிட்டார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? பொய் சொல்லாத மட்டுக்கும் சந்தோஷம், ஆனால் மூன்று விரலை ரம்பத்துக்குத் தின்னக் கொடுத்த ஆளிடம் ரம்பத்தை ஒப்படைக்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். சொன்ன விதமும் நன்றாக இல்லை. எழுந்து கதவுவரை போன நரைமீசைக்காரர் திரும்பி நின்று, "யாரை வச்சாலும் மூடியைக் கழட்டாத ஆளாப் பாத்து வைங்க" என்றார்.

"விரலைத் தொலைச்சவர் நமக்குப் புத்தி சொல்றார் பாரு" என்று முதலாளி முணுமுணுத்தார். அது வெளியே போனவர் காதில் விழுந்துதான் இருக்கும்.

தங்கைக்குப் பொறுக்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, பட்டவரைத்தான் நம்பி வைக்கலாம் என்று வாதாடினாள்.

"ஆளுக்கு ஒரு பலகையைக் குடுத்து அறுக்கச் சொல்லுண்ணே. கொஞ்ச நேரம் பக்கத்துல நின்னு பாத்தா யாரு எப்படின்னு தெரிஞ்சிரும்."

"அதுக்கு எதுக்கு நின்னு பாக்கணும்? விரலே சொல்லிருமே."

வெளியே பெஞ்சில் அடுத்த ஆள் காத்திருந்தான். சுருட்டைமுடி, வயசு குறைவு. நரைமீசைக்காரரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து தலையைக் குனிந்துகொண்டான். அவர் அந்த மொட்டைக் கையால் அவன் தோளைத் தட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். முதலாளி ஜன்னல் வழியாக இதைப் பார்த்தார். போட்டிக்கு வந்தவனையும் தட்டிக்கொடுக்கிறாரே, மனுஷன் நல்லவர்தான் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் நல்ல மனசு ரம்பத்துக்குத் தெரியவா போகிறது?

சுருட்டைமுடி கேட்பதற்கு முன்பே கைகளை நீட்டினான். பத்து விரலும் முழுசாக இருந்தன. ஒரு தழும்புகூட இல்லை. மீசை முளைத்ததிலிருந்து ரம்பத்தில்தான் இருக்கிறானாம். முதலாளி அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கையையும் கூப்பிட்டுக் காட்டினார். வேலை செய்கிற கை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று பூரித்துப்போய், நாளைக்கே வந்துவிடச் சொன்னார். தங்கை தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் காலையில் முதலாளி ஆபீஸ் அறையில் இருந்தபோது ரம்பத்தின் சத்தம் மாறிக் கேட்டது. மூடி போட்ட பிளேடு இப்படிக் கத்தாது. போன மாதம் கேட்ட அதே சத்தம். அவர் எழுந்து ஓடினார். தங்கையும் பின்னாலேயே வந்தாள்.

மூடி தரையில் மரத்தூளில் கிடந்தது. பலகையைத் தள்ளுவதற்கென்று வைத்திருந்த கட்டை ஆணியில் மாட்டியது மாட்டியபடி தொங்கியது. சுருட்டைமுடி வெறுங்கையால் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தான். முதலாளி பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தார். தங்கை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்னடா பண்றே?" என்று கேட்டார் முதலாளி.

அவன் சிரித்தான்.

"பயப்படாதீங்க முதலாளி. மூடி இருந்தா வேலை ஓடாது. பழைய பட்டறையிலயும் நான் கழட்டி வச்சிட்டுத்தான் அறுப்பேன். ஒரே ஒரு தடவைதான் பலகை துள்ளி, கை உள்ள போகப் பாத்துச்சு. அப்பவும் எனக்கு ஒரு கீறல்கூட விழல."

பத்து விரல்களையும் விரித்துக் காட்டினான்.

"பக்கத்துல நின்ன அண்ணன் என் கையைத் தட்டி விட்டுட்டாரு. பாவம், அவருக்குத்தான் மூணு விரல் போச்சு. நேத்து எனக்கு முன்னால உங்ககிட்ட வந்தாரே, அவருதான்."