எது வேகமாகக் கேட்கும்?

நண்பகல் வெயில் மருந்துக்கடையின் கண்ணாடி மேஜையில் விழுந்து கண்ணைக் கூசவைக்கிறது. இந்தப் பக்கம் கடைக்காரி. அந்தப் பக்கம், கழுத்தில் அளவு நாடா தொங்க, பக்கத்துத் தெரு தையல்காரர். மனைவிக்கு மலச்சிக்கல் என்று வந்திருக்கிறார். "நார்ப்பொடியைச் சீட்டு இல்லாமலே தருவேன், அண்ணே. தண்ணியில கலந்து குடிச்சா மெதுவா இளக்கும். இந்த மாத்திரை குடலையே முடுக்கி விடும், அதுக்கு டாக்டர் சீட்டு வேணும்" என்கிறாள் அவள். "எது வேகமாக் கேக்குமோ அதையே குடும்மா. பொடி குடுத்துப் பாத்தாச்சு. முழுங்கவே மாட்டேங்குறா, வாயோரமா வழிஞ்சிடுது. உடம்பெல்லாம் சில்லுன்னு இருக்கு, வயிறு கல்லு மாதிரி இருக்கு. தினம் நாடா வெச்சு அளக்கறேன், ஏறிக்கிட்டே போகுது." மாத்திரைப் பெட்டியைத் தொட்ட அவள் கை அப்படியே நின்றுவிடுகிறது.

"அக்காகிட்ட நான் பேசலாமா?" அவர் ஆசையாகப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி மேஜைமேல் வைக்கிறார். மணி அடிக்கிறது, அந்தப் பக்கம் எடுக்கப்படுகிறது. "அக்கா, வாந்தி இருக்கா? காத்தாவது பிரியுதா?" ஒரு மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றுவது மட்டும் கேட்கிறது. தையல்காரர் காதைச் சாய்த்துக் கேட்டு, தலையாட்டிச் சிரிக்கிறார். "வாந்தி இல்லையாம். உன்னை ரொம்ப விசாரிச்சா." கடைக்காரி மாத்திரைப் பெட்டியை அலமாரியில் திருப்பி வைக்கிறாள். "வீங்கின வயித்துக்கு ரெண்டுமே ஆகாது, அண்ணே. நானே வந்து பாக்கறேன்." அவர் முகம் மலர்கிறது. "கேட்டியாடி? ஆளு வர்றாங்க, கதவைத் திறந்து வை" என்கிறார் போனிடம். மின்விசிறிச் சத்தம் நின்றுபோகிறது. பிறகு அந்த வீட்டுக்குள் தாழ்ப்பாள் ஒன்று மெதுவாக, மிக மெதுவாக, விலகுவது போனில் கேட்கிறது.